எலும்பு சொன்ன தேதி

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஆங்கர் அகாடமிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காலம். அந்தக் காற்றில் அந்தோணியார்துறைக்காரன் காரியமில்லாமல் வெளியே நிற்க மாட்டான். அன்றைக்கு ஊரே மாதா கோயில் மைதானத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது.

எங்கள் ஊர் என்கிறேனே தவிர நான் இந்த ஊர்க்காரன் இல்லை. உடன்குடிப் பக்கம். அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். எனக்கு வியாபாரம் வரவில்லை, எக்ஸ்ரே எடுக்கப் படித்தேன். தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. ஆறு வருஷமாக இந்த ஊரில், பிராங்க்ளின் என்கிறவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். தனிக்கட்டை. காலையில் நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது பிராங்க்ளின் பைபர் வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பியிருப்பார். அவர் பெண்சாதி விஜிலா கரையில் ஏலம் எடுத்த மீனை வாயகன்ற சருவத்தில் வைத்து, அதே பஸ்ஸில் டவுனுக்கு வருவாள். அவள் ஏறினால் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். மத்தியானம் அதே ஆபீஸ்காரர்களின் வீட்டுப் பெண்கள் அவளிடம் விளைமீன் இருக்கா என்று கேட்பார்கள். அவள் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் வைத்திருந்தாள்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ரெக்சன், எட்டாவது முடித்திருந்தான். இளையவள் பெனிஷா, ஐந்தாவது. ரெக்சனுக்குப் பதின்மூன்று வயது. ஆனால் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐந்தடி ஏழங்குலம். மேலுதட்டில் மீசை அரும்பிவிட்டது. வலையை இழுக்கும்போது அப்பனுக்குச் சமமாக நிற்பான். நான் குடிவந்த அடுத்த வருஷம் அவனுக்குப் புதுநன்மை கொடுத்தார்கள், எட்டு வயதில் கோயிலில் வாங்குகிற முதல் நற்கருணை. வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாகச் சின்னப் பயலாக நின்றது எனக்கு நல்ல ஞாபகம். கடைசி இரண்டே வருஷத்தில் முருங்கை மாதிரி வளர்ந்துவிட்டான்.

அகாடமிக்காரர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் இருபது ஏக்கரில் புல் வளர்த்து வைத்திருக்கிறார்கள். தென்மாவட்டம் முழுக்கச் சுற்றி, பதினாலு வயசுக்குள்ளே உள்ள பையன்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுபோய் ஹாஸ்டலில் போட்டுப் படிப்பும் கால்பந்தும் சொல்லிக்கொடுப்பார்களாம். எல்லாம் இலவசம். ஊர்க் கமிட்டிச் செயலாளர் பர்னபாஸை உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக்கி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு டிசர்ட்டும் கழுத்தில் தொங்க ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். வலையும் கயிறும் விற்கிற மனுஷன். அந்த அட்டை கழுத்தில் விழுந்த நாள் முதல் அவர் நடையே மாறிப்போனது. கடைக்குப் பண்டம் வாங்க வந்தவனிடமும் பையனுக்கு எத்தனை உயரம் என்று கேட்க ஆரம்பித்தார்.

இருநூறு பையன்கள் வந்தார்கள். மணப்பாட்டிலிருந்து ஒரு வேன் நிறைய. விளாத்திகுளத்திலிருந்து ஒருத்தர் முதல் பஸ்ஸுக்கே மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒல்லிக்குச்சிப் பையன். கோயில் மதிலுக்கு அடியில் நின்று தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். பந்து அவன் காலைவிட்டு ஒரு சாண் தள்ளிப்போகவில்லை. நான் டீயை வைத்துக்கொண்டு அவனையே பார்த்து நின்றேன். பந்தை இப்படி வைத்துக்கொள்ள முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அகாடமிக்காரர்கள் பந்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கோல் கம்பத்தில் அளவுப்பட்டையை ஒட்டி, ஒவ்வொருத்தனையும் நிறுத்தி உயரம் எடுத்தார்கள். எடை பார்த்தார்கள். முப்பது மீட்டர் ஓடவிட்டார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்கள் அதைத்தான் செய்யவில்லை. பன்னிரண்டரை மணிக்குப் பந்து வெளியே வந்தபோது மைதானத்தில் நாற்பது தடியன்கள்தான் மிச்சம். விளாத்திகுளத்துப் பையனின் அப்பா, பையன் விளையாடுவதைப் பார்க்கவே இல்லையே என்று பர்னபாஸிடம் கேட்டார். அறிவியல் முறைப்படி நடக்கிறது, உங்களுக்குப் புரியாது என்று பர்னபாஸ் சொன்னார். அவருக்கும் அது அன்றைக்குக் காலையில்தான் தெரியும்.

ரெக்சன் பிரமாதமாக ஆடினான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவன் ஓடினான், எதிரே வந்தவர்கள் விழுந்தார்கள். இரண்டு கோல் போட்டான். ஒருமுறை மட்டும் இடது காலால் பந்தைத் தூக்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் ஓடுகிறவன் காலடியில் பூ மாதிரி வைத்தான். அந்த நேரம் அகாடமிக்காரர்கள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி சரண்யாதேவி என்கிற பெண், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், "அந்த உயரமான பையன்" என்று விரலை நீட்டினாள். அவ்வளவுதான் தேர்வு.

எங்கள் ஊரில் இரண்டு பேர். ரெக்சன் ஒருத்தன். பர்னபாஸின் அக்கா மகன் டெனிஸ்டன் இன்னொருத்தன். டெனிஸ்டன் உயரத்தில் தேறவில்லை, உறவில் தேறினான். அவன் ரெக்சனுக்கு இரண்டு வருஷம் முந்திப் புதுநன்மை வாங்கியவன். ஊருக்கே தெரியும். ஆனால் அவனுடைய பிறப்புச் சான்றிதழில் 2011 என்று இருந்தது. பதினைந்து வயதில் ரெக்சனின் தோளுக்குத்தான் இருப்பான். சான்றிதழ் எங்கே பிறந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுநாள் கோயில் முக்கில் ஃப்ளெக்ஸ் ஏறியது. இடது பாதியில் ரெக்சன், வலது பாதியில் டெனிஸ்டன், நடுவில் கைகூப்பியபடி பர்னபாஸ். விஜிலா அன்று ஊளிமீன் குழம்பும் புட்டும் வைத்து மாடிக்குக் கொடுத்துவிட்டாள். பிராங்க்ளின் மேலே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். தான் பத்தொன்பது வயதில் மாலத்தீவுக்குப் போகிற தோணியில் ஏறியதையும், தினமும் வெங்காய மூட்டைமேல் படுத்துக் கிடந்ததையும் சொன்னார். மகன் புல்லில் ஓடப்போகிறான் என்று இரண்டு தரம் சொன்னார். எனக்கே அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுஷன் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறான் என்பதற்கு நானும் சாட்சி.

ஜூன் முதல் வாரம், தேர்ந்தெடுத்த இருபத்திரண்டு பையன்களையும் வயதுச் சோதனைக்காக எங்கள் ஸ்கேன் சென்டருக்கே கொண்டுவந்தார்கள். இடது கையை விரித்துத் தட்டின்மேல் வைக்க வேண்டும், நான் படம் எடுக்க வேண்டும். படத்தைப் பெங்களூரில் இருக்கிற டாக்டர் பார்த்து வயது சொல்வார்.

வளருகிற பிள்ளையின் கையெலும்பில், நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அதுதான் குருத்து. வளர்ச்சி முடிய முடிய அந்தக் கோடு மங்கி மூடிவிடும். டெனிஸ்டன் கையில் கோடுகள் பளிச்சென்று திறந்திருந்தன. ரெக்சனின் படம் திரையில் வந்ததும் அதைப் பெரிதாக்கி இன்னொரு தரம் பார்த்தேன். விரல்களில் பாதிக் கோடு மூடியிருந்தது. மணிக்கட்டில் நூல் மாதிரி ஒன்றுதான் பாக்கி. முன்னதாக வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி இருக்கும். அதை வைத்து வயது சொன்னால் இரண்டு வருஷம் முன்னே பின்னே போகும். இருபது வருஷம் கை கையாகப் படம் எடுத்த எனக்கு இது தெரியும். ரெக்சன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்லா வந்திருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டான். நல்லா வந்திருக்குப்பா என்றேன். படம் நல்லாத்தான் வந்திருந்தது.

அன்று சாயங்காலம் விஜிலா கொடுத்துவிட்ட சாளைப் பொரியலையும் தின்றேன். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் என்ன சொல்வாரோ, நாம் ஏன் முந்திக்கொண்டு பேச வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பர்னபாஸைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன், என்னைப் பற்றியும் எழுத வேண்டும் அல்லவா.

பத்து நாளில் முடிவு வந்தது. டெனிஸ்டனுக்குப் பதின்மூன்று வயது, தகுதி. ரெக்சனுக்குப் பதினைந்து வருஷம் எட்டு மாதம். வயது மோசடி. இரண்டு வருஷத்துக்கு அகாடமியின் எந்தத் தேர்வுக்கும் வரக்கூடாது. இந்தக் கடிதத்தைப் பர்னபாஸ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவர் காலையில் கரையில், ஏலம் நடக்கிற இடத்தில், நூறு பேர் நடுவே வைத்து வாசித்தார். ஊர் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்றார். அவர் சொன்னதுதான் தாமதம், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் மானம் போனது மாதிரி ஆகிவிட்டது. விஜிலா சருவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அன்றைக்கு அவளுக்கு ஏலத்தில் மீன் விழவில்லை. அவள் கேட்ட விலைக்கு மேலே யாராவது ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஃப்ளெக்ஸில் ரெக்சன் இருந்த பாதியை வலை அறுக்கிற கத்தியால் கிழித்தெடுத்தார்கள். மிச்சப் பாதி ஒரு பக்கம் கட்டில்லாமல் கச்சான் காற்றில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. அதில் பர்னபாஸுக்கு ஒரு கைதான் இருந்தது.

அதற்கு மேலே நடந்ததுதான் அசிங்கம். யார் முதலில் கணக்குப் போட்டார்களோ தெரியாது. ஜூனில் பதினைந்தேமுக்கால் வயதென்றால் பையன் 2008 கடைசியில் பிறந்திருக்க வேண்டும். பிராங்க்ளினுக்கும் விஜிலாவுக்கும் கல்யாணம் 2010 மே மாதம், இதே கோயிலில். 2008-இல் பிராங்க்ளின் தோணியில் மாலத்தீவுக்கும் தூத்துக்குடிக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார். விஜிலா மணப்பாட்டுப் பெண். அப்போது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அப்படியானால் பையன் யாருக்குப் பிறந்தான்? தண்ணிக் குழாயடியில் இந்தக் கேள்வி நின்றது, வலை பின்னுகிற கொட்டகையில் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளோடு போனது. 2011 ஏப்ரலில் அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று இவர்கள் எல்லோரும் பந்தலில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றவர்கள். பிள்ளையை மடியில் வாங்கிக் கொஞ்சியவர்கள். கைக்குழந்தையைத் தூக்கிய கையால் இப்போது விரல்விட்டு மாதம் எண்ணினார்கள். தான் கண்ணால் பார்த்ததைவிடப் பெங்களூரில் இருக்கிற யாரோ சொன்னது பெரிது என்று ஓர் ஊரே நம்பமுடியும் என்பதை நான் அந்த ஜூன் மாதம்தான் கண்டேன்.

பிராங்க்ளின் கரைக்குப் போவதைக் குறைத்தார். ஒருநாள் மாடிக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் பிறந்த அன்று தூத்துக்குடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது நான்தானே, எனக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்றால் எழுந்துபோய் நாலு பேரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எனக்குத் தெரியும்ங்கிறது ஊருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. கடலில் எந்தக் காற்றுக்கும் வள்ளத்தைத் திருப்பத் தெரிந்த மனுஷன். தரையில் நாலு நாக்குக்கு முன்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

விஜிலா என்னிடம் வந்து கேட்டது ஒரே ஒரு விஷயம். படம் எடுத்தது நீங்கதானே, எம் பிள்ளை கையில அப்படி என்ன இருக்கு என்று கேட்டாள். நான் என் கையை விரித்துக் காட்டி, குருத்தையும் கோட்டையும் விளக்கினேன். சில பிள்ளைக்கு முன்னாடி மூடும், சில பிள்ளைக்குப் பிந்தி மூடும், அதற்கும் பிறந்த தேதிக்கும் முடிச்சுப்போட முடியாது என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, இதை அன்றைக்கே பார்த்தீர்களா என்றாள். பார்த்தேன் என்றேன். கீழே இறங்கிப் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஓட்டலில் அந்த அகாடமி அம்மா மீட்டிங் வைத்திருக்கிறார்களாம், நீங்களும் கூட வாங்க என்றாள். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

தேர்வான பிள்ளைகளின் பெற்றோர்களுக்கான கூட்டம் அது. ஏசி போட்ட ஹால். திரையில் ஒரு படிக்கட்டின் படம். கீழ்ப்படியில் ஒரு சின்னப் பையன் பந்தோடு நிற்கிறான், மேல்படியில் விளக்குப் போட்ட பெரிய ஸ்டேடியம். ஒவ்வொரு படிக்கும் ஒரு வயது. சரண்யாதேவி படிப்படியாக விளக்கினாள். பிள்ளைகள் என்ன சாப்பிட வேண்டும் என்று நிறுத்துக் கொடுப்பார்களாம். எத்தனை தூரம் ஓடினார்கள் என்று மார்பில் கட்டின பட்டை சொல்லுமாம். ஒரு தகப்பனார் எழுந்து, வருஷத்துக்கு இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களே, மேல்படிக்கு இதுவரைக்கும் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி என்று அவள் அவரைப் பாராட்டினாள். பிறகு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அந்தத் தகப்பனாரும் பாராட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். விஜிலா, பிராங்க்ளின், ரெக்சன், நான். விஜிலா ஞானஸ்நானச் சான்றிதழையும், முனிசிபாலிட்டியில் கொடுத்த பிறப்புச் சான்றிதழையும், ஆஸ்பத்திரிச் சீட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். சரண்யாதேவி அவற்றைத் தொடவில்லை.

"பேப்பர் எங்க வேணும்னாலும் அடிக்கலாம்மா. எலும்பை அடிக்க முடியாது. எலும்பு பொய் சொல்லாது" என்றாள்.

நான் எழுந்தேன். படம் எடுத்தது நான்தான் என்று சொல்லி, விஜிலாவிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். எலும்பு வளர்ச்சியைச் சொல்லும், தேதியைச் சொல்லாது என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க டெக்னீஷியன்தானே சார்?" என்றாள்.

ஆமாம், நான் டெக்னீஷியன்தான். உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள். பையனை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, இந்த உடம்பு எங்களுக்கு வேண்டும், ஆனால் ஜூனியர் பிரிவில் வைக்க முடியாது என்றாள். சீனியர் பிரிவில் ஓர் இடம் இருக்கிறதாம். சோதனையில் வந்த வயதுக்குப் பொருத்தமாக ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால், முந்தின கடிதத்தை ரத்து செய்துவிட்டு நாளைக்கே சேர்த்துக்கொள்வார்களாம். அதெல்லாம் பர்னபாஸ் சார் பார்த்துக்கொள்வார் என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. உண்மைச் சான்றிதழ் கொடுத்ததற்கு மோசடி என்று எழுதிய அதே கை, இப்போது பொய்ச் சான்றிதழ் கொண்டுவா, நல்லவன் என்று எழுதித் தருகிறேன் என்கிறது. அவள் முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை. உதவி செய்கிறவள் முகம்தான் இருந்தது.

"என்ன தேதி போடணும் மேடம்?" என்று விஜிலா கேட்டாள்.

"ரெண்டாயிரத்து எட்டு அக்டோபர்னு வச்சுக்கலாம்."

"ரெண்டாயிரத்து எட்டு அக்டோபர்ல எனக்குக் கல்யாணம் ஆவல மேடம். ரெண்டாயிரத்துப் பத்து மே மாசம் பத்தாந்தேதிதான் ஆச்சு. அதுக்கு முந்தி இவியள நான் கண்ணால பாத்தது கெடையாது. நீங்க சொல்லுத தேதிய நான் எழுதிக் குடுத்தா, ஊரு சொல்லுததுக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆவும்."

"அது உங்க பர்சனல்மா. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

பிறகு பிராங்க்ளின் பக்கம் திரும்பி, சார் என்ன சொல்றீங்க என்றாள்.

திரையில் அந்தப் படிக்கட்டு அணையாமல் அப்படியே இருந்தது. பிராங்க்ளின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்சன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜிலா இரண்டு பேரையும் பார்த்தாள். நான் எண்ணவில்லை, ஆனால் ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்கு அத்தனை நேரம் போதவில்லை. விஜிலாவே காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

"நாங்க வாரோம் மேடம்" என்று எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரெக்சன் பேசினான். மாடியில் இருந்த எனக்கே கேட்டது.

"ஒரு பேப்பர்தானம்மா. குடுத்திருந்தா நான் போயிருப்பேன்லா."

விஜிலா குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நிற்கவில்லை. அதற்கப்புறம் பையன் அவளோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டால் தின்றான், போடாவிட்டால் கேட்கவில்லை. பிராங்க்ளின் இரண்டு பேருக்கும் நடுவில் பெனிஷாவிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மறுநாளே சென்டரிலிருந்து போன் வந்தது. வாடிக்கையாளர் விஷயத்தில் வாய் வைக்க வேண்டாம் என்று சொல்லி, என்னை இரவுப் பணிக்கு மாற்றினார்கள். சரி சார் என்றேன்.

ஜூலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டெனிஸ்டனோடு சுற்றின பயல் ஒருத்தன், ரெக்சனைப் பார்த்து உங்க அம்மா கல்யாணத்தில் நீ எந்தப் பந்தியில் சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறான். ரெக்சன் சட்டை கிழிந்து, உதடு வீங்கி வந்தான். மற்றவனுக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கிற அளவுக்கு ஆகியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விஜிலா கேட்டதற்கு அவன் காரணம் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் படுத்திருந்தானாம். அடுத்த நாள் விடியக்காலை நான் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், விஜிலா ஏறுவதற்கு நிற்கிறாள். அவளுடைய சருவம் ரெக்சன் தலையில் இருந்தது. பஸ்ஸில் தூக்கி வைத்துவிட்டு, "மெல்லப் பிடிச்சு ஏறும்மா" என்றான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மீன் தண்ணி தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டெனிஸ்டன் ஜூன் கடைசியிலேயே ஆரஞ்சு வேனில் ஏறிப் போயிருந்தான். பர்னபாஸ் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன் செய்தியை வாசித்தார். ரொட்டியை நிறுத்துக் கொடுக்கிறார்களாம், தினமும் இங்கிலீஷில் டைரி எழுத வேண்டுமாம், மாதம் ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரம் குறிக்கிறார்களாம். இரண்டு மாதமாகக் குறி ஒரே இடத்தில் நிற்கிறதாம், அதைப் பற்றி கோச் சாருக்குக் கொஞ்சம் வருத்தமாம். பந்தைப் பற்றி அவன் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ரெக்சன் சாயங்காலம் மைதானத்துக்குத் திரும்பவும் போக ஆரம்பித்தான். வழக்கமான ஆட்களோடு, வெறுங்காலோடு. இப்போது இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவதில்லை. நடுவில் நின்று, அந்த இடது காலால் மற்றவர்களுக்குப் பந்தைப் போட்டுக்கொடுக்கிறான். யாரும் எழுதிக்கொள்வதில்லை. இனி அவன் உயரம் அதிகம் ஏறாது என்று எனக்குத் தெரியும், அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். இரண்டு வருஷத்தில் மற்றப் பயல்கள் அவனை எட்டிவிடுவார்கள். அவனிடம் அதைச் சொன்னேன். இந்த முறை மறைக்கவில்லை. அதனால என்ன அண்ணாச்சி, பந்து தரையிலதான கெடக்கு என்றான்.

ஊர்ப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. பழசாகிப் போனதே தவிர ஓயவில்லை. விஜிலா பங்குச்சாமியாரிடம் போய், கல்யாணம், ஞானஸ்நானம் என்று கோயில் ஏட்டில் இருக்கிற இரண்டு தேதியையும் பூசையில் வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் நல்ல மனுஷர். ஏட்டை எடுத்துத் தானே பார்த்தார், உன் பேரில் ஒரு குறையும் இல்லை என்றார், ஆனால் பூசையில் வாசிக்கிற வழக்கம் இல்லை, மனத்தாங்கல் வரும், பொறுமையாக இரு, கடவுளுக்குத் தெரியும் என்றார். கடவுளுக்குத் தெரியாதென்று நான் சொல்லவில்லையே சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் மாதம் கடைசி ஞாயிறு, பூசையில் வாசகமும் மன்றாட்டும் வாசிக்கிற முறை அவர்கள் தெருவுக்கு வந்தது. மன்றாட்டு வாசிக்க விஜிலா பேர் கொடுத்திருந்தாள். நான் பூசைக்குப் போகிறவன் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பூசைக்குப் போகாதவனும் பூசை கேட்டே ஆகவேண்டும், கோபுரத்தில் நாலு திசைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

விஜிலா குரல் வந்தது. திருச்சபைக்காக மன்றாடினாள். நாட்டை ஆள்கிறவர்களுக்காக மன்றாடினாள். ஒவ்வொன்றுக்கும் கோயில் நிறைந்த கூட்டம், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று ஒரே குரலில் சொன்னது. மூன்றாவதற்கு அவள் வந்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இரக்கமுள்ள ஆண்டவரே, இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு மே மாதம் பத்தாம் தேதி இந்தக் கோவிலில் பிராங்க்ளினுக்கும் எனக்கும் திருமணம் நடந்தது. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு மார்ச் மாதம் பத்தொன்பதாம் தேதி எங்கள் மகன் ரெக்சன் பிறந்தான். ஏப்ரல் இருபத்தாறில் இதே கோவிலில் ஞானஸ்நானம் பெற்றான். அன்றைக்கு எங்கள் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இப்போது அதை மறந்துபோன எல்லாருக்கும் நீர் ஞாபகசக்தி தரவேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பழக்கதோஷம் பொல்லாதது. யோசிக்கும் முன்னே கோயில் முழுவதும், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்லி முடித்துவிட்டது. ஆண், பெண், பிள்ளை, முன்வரிசைக் கமிட்டிக்காரர்கள், பாடகர் குழு எல்லோருமாக. பர்னபாஸின் கனத்த குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் எதற்குப் பதில் சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். சாமியார் ஒருமுறை இருமினார்.

விஜிலா காகிதத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அடுத்ததாக நல்ல மழைக்காக மன்றாடினாள். அதற்கும் பதில் சொன்னார்கள். முன்னைவிடக் குரல் கொஞ்சம் கம்மியாக இருந்தது.